படகுக்காரிக்கு அரை வரி

கடையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவள் நாத்தனார் ஒருத்தி மட்டுமே. அவளைக் கேட்டு இஸ்திரிக்காரி கூப்பிட்டாள், இஸ்திரிக்காரியைக் கேட்டுத் துணி தைக்க வருகிறவர்கள் கூப்பிட்டார்கள். இப்போது மின்சார மீட்டர் பார்க்க வருகிற நரைத்த மீசைக்காரர்கூட மாடிப்படியில் நின்று, "அண்ணி, உள்ள வரலாமா?" என்கிறார். "இந்த வயசுல எனக்கு ஒரு கொழுந்தன் வேற" என்று அண்ணி உள்ளேயிருந்து தலையில் அடித்துக்கொள்வாள்.

சைக்கிள் கடைக்கு மேலே நீளமான ஒரே அறை. ஜன்னலோரம் இரண்டு தையல் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, மூலையில் இஸ்திரி மேசை. பள்ளிச் சீருடைதான் பெரும்பாலும் தைப்பார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மெஷின் இரண்டும் நின்றுவிடும். அதற்குப் பிறகு கைவேலை: பொத்தான், கொக்கி, ஓரம் மடித்துத் தைக்கும் எம்மிங். அந்த நேரத்துக்கு நாத்தனாருக்கு மட்டும் ஊசி கிடையாது. அவள் புத்தகம் படிக்க வேண்டும், சத்தமாக.

அண்ணிக்குக் கண் கெட்டுப்போய்விடவில்லை. துணியில் போட்ட சாக் கோடு தெரியும். தெருமுனையில் வரும் ஆளின் சட்டையில் தோள்பட்டை இறங்கியிருப்பது தெரியும். பொடி எழுத்து மட்டும், எந்தக் கண்ணாடி போட்டாலும், சர்க்கரை டப்பாவைத் திறந்ததும் எறும்பு சிதறுகிற மாதிரி சிதறிவிடும். அதனால் எழுதியிருப்பது எதுவும் அவளிடம் நாத்தனாரின் வாய் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. மாத்திரை அட்டை, பள்ளிக்கூடம் அனுப்பும் அளவுத்தாள், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் அனுப்பும் செய்தி, எல்லாம்.

அந்த வாயும் சாதாரண வாயல்ல. பஸ் நிலையத்தில் வருஷக்கணக்காக அறிவிப்புச் செய்து ஓய்வுபெற்ற வாய். மைக் இல்லாமலே கீழே சைக்கிள் கடைக்காரர் வரை கேட்கும். ஒருநாள் அவர் படியேறி வந்து, "நேத்து அந்தப் பாம்பு மந்திரி தப்பிச்சிட்டானா இல்லையா? பஞ்சர் ஒட்ட வந்தவனுக்குக் காத்தடிச்சதுல கேக்கல" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கதை ஏழு ஆறுகளைப் பற்றியது. மொத்தம் ஆறு புத்தகங்கள். முதல் புத்தகத்தை வாங்கியவள் அண்ணியின் மகள். பள்ளியில் படிக்கும்போது வாங்கி, பாதியில் மேசை மேல் விட்டுவிட்டாள். நாத்தனார் சும்மா எடுத்து நாலு பக்கம் படித்துக் காட்டினாள், அவ்வளவுதான், வீட்டுக்குள் பேய் புகுந்த மாதிரி ஆகிவிட்டது. மகள் வளர்ந்து வேலைக்குப் போனாள். அண்ணியும் நாத்தனாரும் வளரவில்லை. அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று புத்தகக் கடையில் போய் நின்றார்கள். "பேரப் பிள்ளைங்களுக்கா?" என்று கேட்ட கடைக்காரப் பையனிடம் அண்ணி, "எங்களுக்குத்தான். ஏன், எங்களுக்கு வயசு பத்தலையா?" என்று கேட்டாள்.

கதையின் நாயகி விளக்குக்காரப் பெண். பதினைந்து வயது, கையில் அணையாத விளக்கு. ஏழு ஆற்றையும் தாண்டி நிழல் நாட்டுக்குப் போய் அங்கே வெளிச்சம் கொண்டுவர வேண்டும். கூடவே ஓர் இளவரசன், அழகாக இருப்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவன். இந்த இரண்டு பேரையும் ஒவ்வோர் ஆற்றிலும் அக்கரை சேர்த்தவள் படகுக்காரி. வயதானவள், ஒரு கை சரியாக மடங்காது, நாக்கு மட்டும் எல்லாப் பக்கமும் மடங்கும். அவள் படகுக்குக் கூலி, ஏறுகிறவர் சொல்ல வேண்டிய ஓர் உண்மை. இதுவரை யாரிடமும் சொல்லாத உண்மை. பொய் சொன்னால் படகு நகராது. "உண்மையைச் சொல்லு, இல்லன்னா இறங்கு" என்பாள். மந்திரியிடமும் அதையே சொன்னாள், அரசனிடமும் அதையே சொன்னாள்.

நாத்தனார் ஆளுக்கொரு குரல் வைத்திருந்தாள். இளவரசனுக்கு மூக்கடைத்த குரல். மந்திரிக்குப் பஸ் நிலைய மேலாளரின் குரல். படகுக்காரிக்கு யார் குரல் என்று யாரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் முதல் நாளே இஸ்திரிக்காரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அளவு கொடுக்க வந்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்களை அண்ணி அதட்டுகிற குரல் அது.

மூன்றாம் புத்தகத்தில் படகு எரிந்துபோனது. அன்று அண்ணி அடுக்கிப் போட்டிருந்த சீருடைத் துணியில் சட்டைக் கையெல்லாம் இடக்கையாக வெட்டிவிட்டாள். வலக்கை ஒன்றுகூட இல்லை. அதை வைத்து இன்றுவரை கேலி நடக்கிறது.

கடைசிப் புத்தகம் செங்கல் கனம். ஒரு மாதமாகப் படித்து, அன்றைக்குக் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தார்கள். மேசையில் மறுபடியும் சீருடைத் துணி அடுக்கிக் கிடந்தது. அண்ணி பாவாடை ஓரத்தை மடித்து ஊசியைச் செருகினாள்.

"ஆரம்பி. நிழல் அரசன் விழுந்தாச்சு. ஆறெல்லாம் வத்திடுச்சு. அப்புறம்?"

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். "கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன் அண்ணி."

"இப்பத்தானே குடிச்ச?"

"வறண்டுபோச்சு."

"ஆறு வத்தினா உனக்கு ஏன்டி தொண்டை வறளுது?"

இஸ்திரிக்காரி சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. படிக்க ஆரம்பித்தாள். விளக்குக்காரப் பெண் அரண்மனைக்குள் நுழைகிறாள். மக்கள் ஆரவாரம் செய்கிறார்கள். அவள் எல்லோரையும் விலக்கிவிட்டு, "என் படகுக்காரி எங்கே?" என்று கேட்கிறாள். அண்ணியின் ஊசி நின்றது. கூட்டம் வழிவிடுகிறது. படகுக்காரி துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிறாள். விளக்குக்காரப் பெண் அவளைத் தன் பக்கத்து ஆசனத்தில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்துகிறாள்.

"போர்த்தணும்ல!" என்றாள் இஸ்திரிக்காரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இல்லாட்டி மனுஷங்களா அவங்க?"

நாத்தனார் படகுக்காரியின் குரலுக்கு மாறினாள். "'என்னம்மா இதெல்லாம்? தோள்ல இறங்கி வருது பாரு. அரை அங்குலம் பிடிச்சா சரியா உக்காரும்' என்றாள் படகுக்காரி. அவையே சிரித்தது."

இஸ்திரிக்காரியும் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"அதை மறுபடி படி."

"எதை அண்ணி?"

"பொன்னாடையை."

"'என்னம்மா இதெல்லாம்? தோள்ல கொஞ்சம் தொளதொளன்னு...'"

"முன்னாடி இறங்கி வருதுன்னு சொன்ன. அச்சடிச்ச எழுத்து அதுக்குள்ள மாறிப்போச்சா?"

நாத்தனார் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

"பக்கமும் திருப்பல நீ" என்றாள் அண்ணி. "நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எப்பவும் ரெண்டு பேர் பேசி முடிக்கறதுக்குள்ள ஒரு பக்கம் திரும்பும். இன்னிக்கு ஊரே கூடி வந்து, வழிவிட்டு, ஆசனம் போட்டு, பொன்னாடையும் போத்தியாச்சு, காகிதம் அசையவே இல்ல. படகுக்காரி எப்பம்மா அளவெடுக்கக் கத்துக்கிட்டா? போன வாரம் அந்தத் தலைமையாசிரியை கோட்டைப் போட்டுப் பாத்தப்ப நான் சொன்ன வார்த்தை அது. அரை அங்குலம் பிடிச்சா சரியா உக்காரும். என் வாயிலேர்ந்து எடுத்து என் காதுக்கே ஊத்துறியா?"

"அண்ணி, அது வந்து..."

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"நல்லாத்தான் போட்டிருக்கு. இவ்வளவு விரிவா இல்ல, அதான் நான் கொஞ்சம்..."

"உண்மையைச் சொல்லு, இல்லன்னா இறங்கு."

அந்த வசனத்தை அண்ணி இதற்கு முன்னால் சொன்னதேயில்லை. நாத்தனார் அண்ணியைப் பார்த்துச் செய்த குரல், இப்போது அண்ணியிடமிருந்தே அவளைப் பார்த்துத் திரும்பி வந்தது. இஸ்திரிக்காரி பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். சண்டை வந்தால் துணி கருகிவிடக் கூடாது என்பது அவள் கவலை.

"அந்த முடிவு வேண்டாம் அண்ணி" என்றாள் நாத்தனார். "கேட்டா மனசு விட்டுப்போகும். நானே முந்தாநாள் கடை திறந்ததும் கடைசி அத்தியாயத்தைப் பாத்துட்டேன். தப்புத்தான். பாத்ததுக்கப்புறம் எனக்கு வாய் வரல."

"உனக்கு வாய் வரலன்னா வரலன்னு சொல்லு. வேற கதையை ஏன் சொல்ற?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்காக!" அண்ணி பாவாடையை மேசைமேல் வீசினாள். "வராத பஸ்ஸை 'இன்னும் சற்று நேரத்தில்'னு சொல்லிச் சொல்லியே பழகின வாய்தானே இது! பஸ் பாதி வழியில அச்சு முறிஞ்சு கிடக்கும், இவ தேன் ஒழுக, 'பயணிகளின் கனிவான கவனத்துக்கு'ம்பா. ஜனங்க மூட்டையும் கையுமா கொட்டாவி விட்டுக்கிட்டு நிப்பாங்க. நானும் இத்தனை நாளா அப்படித்தான் நின்னுக்கிட்டு இருக்கேனா?"

"மேலிடத்துல சொல்லச் சொன்னதைத்தான் அண்ணி அங்க சொன்னேன்."

"இங்க யாரு சொல்லச் சொன்னது?"

நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அண்ணிக்கு வேறொன்று உறைத்தது. கதை போகட்டும். மாத்திரை அட்டை? அளவுத்தாள்? தினமும் சாயங்காலம் இதே வாய்தான் மகளின் செய்தியைப் படித்தது. 'அம்மா, சாப்பிட்டீங்களா, உடம்பைப் பாத்துக்கோங்க, உங்க நினைப்பாவே இருக்கு.' எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்று இவள் பூரித்துப்போயிருக்கிறாள்.

"பொண்ணு அனுப்புறதெல்லாம்?" என்றாள். குரல் கீழே இறங்கிவிட்டது. "அதுலயும் எம்மிங் போட்டுத்தான் எனக்குக் குடுத்தியா?"

"அவ நல்லாத்தான் எழுதறா."

"என்ன எழுதறா?"

"'சாப்டாச்சா'ன்னு எழுதுவா. மீதியை நான்..." நாத்தனாருக்கு முகம் சிவந்தது. "நினைப்பு இல்லாமயா அண்ணி சாப்டாச்சான்னு கேப்பா? அவ விட்டதைத்தான் நான் சேத்தேன்."

"விட்டதைச் சேக்க நீ யாரு? அவ ஒரு வார்த்தை எழுதினா எனக்கு அந்த ஒரு வார்த்தையைக் குடு. வச்சுக்கறதா தூக்கிப் போடறதான்னு நான் பாத்துக்கறேன். இத்தனை நாளா என் பொண்ணுன்னு நினைச்சு உன் கூடல்ல பேசிக்கிட்டு இருந்திருக்கேன்!"

இஸ்திரிக்காரி, "அண்ணி, தண்ணி..." என்றாள்.

"நீயும் சும்மா இரு. உனக்கும் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது. நான் பொன்னாடைக்கு நிஜமாவே அழுதேன்."

நாத்தனாரின் போன் மேசைமேல் அடித்தது. துணி பிடித்த கையோடு பேச வசதியாக இந்தக் கடையில் எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவார்கள். இஸ்திரிக்காரி பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டாள்.

"அத்தை, நான்தான்" என்றது மகளின் குரல். "இன்னிக்குத்தானே கடைசி அத்தியாயம்? அந்த இடத்தைத் தாண்டியாச்சா? நான் சொன்ன மாதிரி மாத்திட்டீங்கல்ல? அம்மாகிட்ட மட்டும் அப்படியே படிச்சுடாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்க."

இஸ்திரிக்காரி அமுக்கிய விரலை இழுத்துக்கொண்டாள்.

"அத்தை? கேக்குதா?"

"நல்லாவே கேக்குது" என்றாள் அண்ணி.

"...அம்மா?"

"தாங்க மாட்டாத அம்மாதான் பேசறேன். நீ எப்படி இந்தப் புத்தகத்தைப் படிச்ச? இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க கதைன்னு விட்டுட்டவளாச்சே நீ."

"வந்த வாரமே வாங்கிட்டேம்மா. எல்லாப் புத்தகமும் வாங்கிப் படிச்சிருக்கேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கதை கேப்பீங்க, எனக்கு வாய் நிக்காது. நீங்க ரெண்டு பேரும் படிக்கிற நேரம் கெட்டுப்போகும்னு..."

"ஆளாளுக்கு என் நேரத்தையும் மனசையும் பாதுகாக்கறீங்களே, நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? மேல போர்த்தி, கீழ வைக்கோல் போட்டு வைக்கறதுக்கு?"

"மூணாவது புத்தகத்துல என்ன பண்ணினீங்க? எல்லாம் இடக்கை! இப்ப மேசை மேல பள்ளிக்கூடத் துணி கிடக்குன்னு அத்தை சொன்னாங்க. அதனாலதான்..."

"அன்னிக்குப் படகு எரிஞ்சுதுடி! எரிஞ்சா கை தடுமாறத்தான் செய்யும். துணியைத் திரும்ப வெட்டினேன், தைச்சேன், குடுத்தேன். ஒரு பிள்ளையாவது கையில்லாத சட்டை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போச்சா?" அண்ணி நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "நீ படி. இஸ்திரி, நீ வந்து இவ பக்கத்துல நில்லு. வரி மேல விரலை வச்சுக்கோ. விரல் இருக்கற இடத்தை விட்டு வாய் நகந்துச்சுன்னா எனக்குச் சொல்லு. ஏய், நீ போனை வைக்காத. நீயும் கேளு."

நாத்தனார் புத்தகத்தை எடுத்தாள். இஸ்திரிக்காரி சூடேறியிருந்த விரலை முந்தானையில் துடைத்துவிட்டு வரிமேல் வைத்தாள். இந்தமுறை எந்தக் குரலும் செய்யாமல், பஸ் நிலையத்துக் குரல்கூட இல்லாமல், நாத்தனார் படித்தாள்.

"'ஆறுகள் வற்றியபின் படகுக்காரிக்கு வேலையில்லாமல் போயிற்று, அவளை அதன்பின் யாரும் காணவில்லை. அரண்மனையில் முடிசூட்டு விழாவுக்கான விளக்குகள் ஏற்றப்பட்டன. இளவரசன் நீலப் பட்டு உடுத்தியிருந்தான்.'"

நாத்தனார் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"அவ்வளவுதான் அண்ணி."

"படகுக்காரிக்கு?"

"அவ்வளவுதான்."

அண்ணி இஸ்திரிக்காரியைப் பார்த்தாள். "விரலுக்கு அடியில ஏதாவது மறைஞ்சிருக்கா பாரு."

இஸ்திரிக்காரி விரலை எடுத்துப் பார்த்தாள். "இல்ல அண்ணி. அடுத்து நீலப் பட்டுதான். பக்கம் பூரா நீலப் பட்டு."

அண்ணி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "யாரும் காணவில்லையாமா! காணலன்னா தேட மாட்டாங்களா? ஏழு ஆறு! வெள்ளத்துல படகு தள்ளினா, புயல்ல தள்ளினா, படகு எரிஞ்சப்ப அந்த மடங்காத கையால நீந்தி அந்தப் பொண்ணை முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. அவளுக்கு அரை வரி! செத்தான்னு எழுதியிருந்தாகூட நான் ஒத்துக்குவேன். வயசானவ, செத்துப்போனா, ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா ஆச்சு. வேலை இல்லாமப் போச்சாம், காணோமாம். ஆத்துல தண்ணி இருக்கற வரைக்கும் படகுக்காரி, தண்ணி வத்தினா யாரோ? அந்த விளக்குக்காரி விளக்கைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் வெளிச்சம் காட்டினாளே, அந்த விளக்கைக் கரையோரம் ஒரு தடவை காட்டிப் பாக்க முடியலையா அவளால?"

"அதேதாம்மா!" என்று கத்தியது போன். "அதே வார்த்தையைத்தான் நானும் அன்னிக்குச் சொன்னேன். தேடக்கூட இல்லையேன்னு. புத்தகத்தைச் சுவத்துல அடிச்சேன். அட்டை பிஞ்சுபோச்சு."

"யார்கிட்ட சொன்ன?"

"சுவத்துகிட்டதான்."

அண்ணி போனின் பக்கம் திரும்பினாள். கோபம் போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது.

"அப்போ என்னைக் கூப்பிடணும்னு தோணலையா உனக்கு? புத்தகத்தை அடிச்சு உடைக்கற அளவுக்குக் கோவம் வந்திருக்கு. தனியா உக்காந்து கோவப்பட்டிருக்க. ஒரு போன் போட்டு, அம்மா, இந்த அநியாயத்தைக் கேளுன்னு சொல்லியிருந்தா நானும் கூட சேந்து நாலு கத்து கத்தியிருப்பேன்ல? நல்ல சேதின்னா அத்தை ஜோடிச்சுச் சொல்வா. கெட்ட சேதின்னா யாரும் சொல்லவே மாட்டீங்க. அப்போ நான் எதுக்குடி இருக்கேன், பொத்தான் தைக்கவா?"

"கூப்பிட்டிருக்கணும்மா" என்றாள் மகள். அலங்காரம் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னாள்.

"சரி. அடுத்த தடவை சுவத்தை விடு." அண்ணி விழுந்த நாற்காலியை நிமிர்த்தினாள். "சாப்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"இதை அத்தை படிச்சிருந்தா, ஆச்சும்மா, வயிறு நிறைய சாப்டேன்னு படிச்சிருப்பா."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "நான் கட்டின முடிவு நல்லாவே இல்லையா அண்ணி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது படகுக்காரி இல்ல. அவ பொன்னாடை போத்த வந்தா, போர்த்தற கையைத் தட்டிவிட்டுட்டு, இத்தனை நாளா எங்கடி போனேன்னு கேப்பா." அண்ணி கத்திரியை எடுத்தாள். துணி அடுக்கைத் தன் பக்கம் இழுத்து, சாக் கோட்டின் மேல் கத்திரியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். நிழல் அரசனையே வெட்டுவது போல இருந்தது. இஸ்திரிக்காரி பூனை மாதிரி அடியெடுத்து வந்து மேசையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"உண்மையைச் சொல்லு."

"இடக்கையா, வலக்கையான்னு பாத்தேன்."

"என்னவா இருக்கு?"

"ரெண்டும் இருக்கு."

"இருக்கும்ல? கோவத்துல எனக்குக் கை தவறாது." அண்ணி நாத்தனாரைப் பார்த்துக் கத்திரியை ஆட்டினாள். "நீ ஏன் மூடி வச்சுட்ட? இன்னும் எத்தனையோ பக்கம் கிடக்கே."

"முடிசூட்டு விழா மட்டும்தான் அண்ணி. நீலப் பட்டு, யானை, விருந்து. அது எதுக்கு இனிமே?"

"எதுக்கா? இஸ்திரி, விரலை வை. ஏய், நீயும் போனை வைக்காத, சாப்பிட்டுக்கிட்டே கேளு. படிடி. ஒரு வரி விடாம படி. முழுசாத் தெரியாம நான் எப்படித் திட்டறது?"